விழுந்த மரத்துக்குள் ஒரு கிண்ணம்

கொம்தாரில் பேருந்து ஏறி பாயான் பாரு வருகிறவர்கள், வழியில் உள்ள ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஜெலுத்தோங் என்பது ஒரு மரம். குளுகோரும் மரம்தான். நம் வீடுகளில் மீன் குழம்புக்குப் புளிக்குப் பதிலாகச் சிலர் போடும் அசாம் கெப்பிங், அந்த மரத்தின் காயைச் சீவிக் காயவைத்தது. ஜார்ஜ்டவுன் உருவாவதற்கு முன் அந்த நில முனைக்கு தஞ்சோங் பெனாகா என்று பெயர். மலாய்க்காரர்கள் பெனாகா லாவுட் என்று சொல்வது நம் புன்னையை. பினாங்கு என்ற பெயரே பாக்கு மரத்திலிருந்து வந்தது. பாயான் பாருவில் குடியிருக்கும் எங்களுக்கு மட்டும் மரம் கிடைக்கவில்லை, கிளி கிடைத்தது. பாயான் என்றால் மலாயில் ஒரு வகைக் கிளி.

இத்தனை மரப் பெயர்களைத் தாங்கிய தீவில் ஒரு மரம் சாய்ந்தால் என்ன நடக்கிறது? சங்கிலி ரம்பம் வருகிறது, லாரி வருகிறது, இரண்டு மூன்று மணி நேரத்தில் சாலை திறந்துவிடுகிறது. அந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வீசிய புயலையும் வெள்ளத்தையும் நேரில் கண்டவர்களுக்கு, சாலையை அடைத்துக் கிடக்கும் மரத்தை உடனே அகற்றுவது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். நம் கேள்வி லாரி கிளம்பிய பிறகு தொடங்குகிறது. அந்த அடிமரம் எங்கே போகிறது?

கட்டுமானக் கழிவோடு தோட்டக் கழிவும் பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்த இடம் ஜெலுத்தோங் குப்பைமேடு. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததை இந்தப் பக்கத்தின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜெலுத்தோங் மரமோ, மென்மையாகவும் சீராகவும் இருப்பதால் செதுக்குபவர்களும் வார்ப்பு அச்சு செய்பவர்களும் தேடி வாங்கும் மரம். பென்சிலும் அதில் செய்கிறார்கள். செதுக்குவதற்குப் பெயர் பெற்ற மரத்தின் பெயரைக் கொண்ட ஊரில்தான் வெட்டிய மரம் குப்பையாகக் குவிந்தது.

நகரில் விழும், வெட்டப்படும் மரங்களில் உருப்படியான அடிமரங்களைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அவற்றை வாங்கிக் கடைந்து பொருளாக்கும் கைத்திறன் நம் இளையோருக்குக் கிடைக்க வேண்டும். இந்தத் தலையங்கம் கேட்பது இந்த இரண்டைத்தான். இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் பயனில்லை. மேசை நாற்காலி செய்ய நீளமான, நேரான பலகை வேண்டும். சாலையோர மரத்தில் அது அதிகம் கிடைக்காது. ஒரு கிண்ணத்துக்கோ ஒரு அடி நீளத் துண்டு போதும். அதனால்தான் கிண்ணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கடைதல் நம் பழைய சொல். மோரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். ஒன்றைச் சுழலவிட்டு அதிலிருந்து வேண்டியதை எடுப்பது எல்லாவற்றுக்கும் பொது. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தில் சிறுபிள்ளைகள் விளையாடும் சொப்புச் சாமான்களை மஞ்சள் கடம்பு போன்ற மரங்களில் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றிக் கொடுக்கிறார்கள். கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் வெப்பாலை மரத்தில் பொம்மை கடைகிறார்கள். அங்கே வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மீது அழுத்துவார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிவிடும். தூரிகையே தேவையில்லை. மின்சாரம் வருவதற்கு முன் ஒருவர் கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடித்தார்.

இங்கே பினாங்கில் நான் பார்த்தது மின்சார லேத். ஒரு சிறிய பட்டறையில் சில வார இறுதிகள் நின்று பார்த்தேன், கையும் வைத்தேன். பட்டறைக்காரர் ஒரு சீனப் பெரியவர். எல்லாருக்கும் அவர் அங்கிள். அவர் அதிகம் சொன்ன வார்த்தை "பெலான்-பெலான்". மெதுவாக, மெதுவாக.

அவசரப்பட்டால் மரம் வெடித்துவிடும் என்பதுதான் அதற்குக் காரணம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிகூட நீராக இருக்கலாம். அந்த நீர் வெளியேறும்போது மரம் சுருங்குகிறது, ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே செல்லும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. உருண்டையாகக் கிடக்கும் கட்டை நட்சத்திரம் போல வெடிப்பது இதனால்தான். எனவே அடிமரத்தை நெடுக்காகப் பிளந்து, வளையங்களின் நடுப்புள்ளி எந்தப் பாதியிலும் இல்லாதபடி எடுத்துவிட வேண்டும். நீர் வேகமாக ஓடுவது வெட்டுமுகத்தின் வழியாக. வெட்டிய அன்றைக்கே அங்கே மெழுகு பூச வேண்டும். மறுநாள் பூசிக்கொள்ளலாம் என்று விட்டால், நம் வெயிலில் மறுநாளே மெல்லிய கீறல்கள் ஓடியிருக்கும்.

பிறகு பாதிக் கட்டையை வட்டமாக வெட்டி, இரும்புத் தட்டில் திருகாணி போட்டு லேத்தில் பூட்டுகிறார்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் கட்டை, இயந்திரத்தையே உலுக்கும். ஆகவே முதலில் நிமிடத்துக்கு 500 சுற்றுக்கும் கீழே. குழிவான உளியின் சாய்முகம் மரத்தில் உரசியபடி இருக்க வேண்டும். வெட்டுமுனையை மட்டும் நீட்டினால் உளி கவ்விக்கொள்ளும், கை அதிரும். கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கிக் கடைகிறார்கள். உட்புறத்தை விளிம்பிலிருந்து நடு நோக்கி. நாரோட்டத்தை எதிர்த்துப் போகாமல் இருக்க இதுவே வழி. சரியாக வெட்டும்போது ஈர மரத்திலிருந்து சுருள் சுருளாக நாடா போல மரம் பறந்து முகக்கவசத்தில் வந்து ஒட்டும். பார்க்க வேண்டிய காட்சி அது.

ஒரே நாளில் கிண்ணம் முடிவதில்லை. முதல் கடைசலில் சுவரைத் தடிமனாக விட்டுவிடுகிறார்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பட்டறைக் கணக்கு: 30 செண்டிமீட்டர் அகலக் கிண்ணத்துக்கு 3 செண்டிமீட்டர் சுவர். அதைத் தாள் பையில் சுற்றி நிழலில் சில மாதங்கள் வைக்கிறார்கள். கிண்ணம் மெல்லக் காய்ந்து முட்டை வடிவத்துக்குப் போகும். இனி எடை குறையவில்லை என்று தராசு சொன்ன பிறகு, மறுபடி லேத்தில் பூட்டி வட்டமாக்கி, சுவரை ஒரு செண்டிமீட்டருக்குக் கொண்டு வருகிறார்கள். உப்புத்தாள், எண்ணெய் அல்லது அரக்கு, முடிந்தது. இது அழகுப் பொருள் என்பதை மறக்க வேண்டாம். பழமும் சாவிக்கொத்தும் வைக்கலாம், மீன் குழம்பு ஊற்ற வேண்டாம்.

எந்த மரம்? நம் சாலையோரங்களில் நிற்பவற்றையே எடுத்துக்கொள்வோம். புதிதாகக் கற்பவருக்குத் தூங்குமூஞ்சி மரத்தைச் சொல்வேன். மாலையானால் இலையை மூடிக்கொள்ளும் அந்த மரத்தை மலாயில் புக்குல் லீமா, அதாவது ஐந்து மணி மரம், என்பார்கள். காயும்போது மிகக் குறைவாகச் சுருங்குவது இதன் சிறப்பு. ஈரத்தோடு கடைந்தாலும் பெரும்பாலும் வெடிக்காது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இதே மரத்தை ஹவாய் தீவில் மங்கிபாட் என்கிறார்கள். அங்கே போகும் சுற்றுப்பயணிகள் வாங்கி வரும் மரக் கிண்ணங்களில் பெயர் பெற்றவை இந்த மரத்தில் செய்தவை. சாக்லேட் நிறத்தில் வைரம், அதைச் சுற்றி வெளிர்மஞ்சள் வெளிமரம். அங்கே நினைவுப் பொருளாக விலைக்குப் போகும் மரம் இங்கே நம் தலைக்கு மேல் நிழல் தருகிறது, விழுந்தால் லாரியில் ஏறுகிறது.

அங்சானாவின் கதை இன்னும் சுவையானது. மஞ்சள் பூவைச் சாலை முழுக்கக் கொட்டும் இந்த மரம், தமிழ்நாட்டு வேங்கைக்கும் செம்மரத்துக்கும் ஒரே குடும்பத்துச் சகோதரன். பிலிப்பைன்ஸ் இதை நர்ரா என்று அழைத்து 1934-இல் தேசிய மரமாக்கியது. 16-ஆம், 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் செல்வர்களிடையே ஓர் அதிசய மரக் கோப்பை புழங்கியது. அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால், ஒளி படும்போது நீர் நீலமாக மின்னும். 1565-இல் ஸ்பானிய மருத்துவர் மொனார்டேஸ் இந்த மரத்தைப் பற்றி எழுதினார். ராபர்ட் பாயில் அமிலம் விட்டால் அந்த நீலம் மறைவதையும், காரம் சேர்த்தால் திரும்புவதையும் கண்டார். இன்று ஒளிர்வு என்று நாம் இயற்பியலில் படிக்கும் நிகழ்வைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று. மரம் எது என்ற குழப்பத்தை 1915-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் சாஃபோர்ட் தீர்த்தார். ஒன்று மெக்சிகோவின் ஒரு சிறு மரம். மற்றொன்று பிலிப்பைன்சில் கோப்பையாகக் கடையப்பட்ட நர்ரா. நம் அங்சானாதான் அது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வேங்கை மரக் குவளையில் இரவு நீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் பழக்கம் இருப்பதைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். அதன் மருத்துவப் பலனைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் படிவம் நான்கு மாணவர் ஒருவர் அங்சானா மரத்தூளைக் கண்ணாடிக் குவளை நீரில் போட்டு வெயிலில் பிடித்துப் பார்க்கட்டும். அறிவியல் கூடத்தில் கிடைக்காத வியப்பு அதில் உண்டு.

ஒரே எச்சரிக்கை, அங்சானா மரத்தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும். முகமூடி இல்லாமல் எந்த மரத்தையும் கடையக் கூடாது. சாலையோர மரத்துக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. "உடனடிக் கடன், அழையுங்கள்" என்று வட்டிக்காரர்கள் மரத்தில் அறைந்த விளம்பரத் தட்டியை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? தட்டி போய்விடும், ஆணி உள்ளேயே தங்கும், மரம் அதன் மேல் வளர்ந்துவிடும். பத்து ஆண்டு கழித்து அந்த ஆணி யாரோ ஒருவரின் உளியை உடைக்கும்.

மரத்தை விறகாகப் பார்த்து எரித்தது நமக்குப் புதிதல்ல. நம் தாத்தா பாட்டி சீவிய பால்மரத்தை நினைத்துப் பாருங்கள். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்ததும் அதை வெட்டி எரித்தார்கள். ரப்பர் ஷீட்டைப் புகைபோட, செங்கல் சூளைக்கு, லயன் வீட்டு அடுப்புக்கு. அந்த மரம் எதற்கும் ஆகாது என்பதே அன்றைய எண்ணம். அதற்கு நியாயமும் இருந்தது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வெட்டிய சில நாட்களில் நீலப் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். வெட்டியவுடன் அறுத்து, போரான் உப்புக் கரைசலை மரத்துக்குள் செலுத்தி, சூளையில் உலர்த்தினால் அது நிலைக்கும் என்பதை ஆய்வுகள் நிறுவிய பிறகு காட்சி மாறியது. கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 1970களின் பிற்பகுதியிலிருந்து ரப்பர் மரம் ஏற்றுமதிப் பொருளானது. இன்று மலேசியா வெளிநாட்டுக்கு விற்கும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரம். ஜொகூரின் மூவார் தளவாட நகரமாகவே பெயர் பெற்றுவிட்டது.

அந்த மரத்தை நட்டவர்கள், களை பிடுங்கியவர்கள், விடிவதற்கு முன் எழுந்து கோடு போட்டவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். மரம் மதிப்புப் பெற்ற அதே ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன. பால் எடுக்கத் தெரிந்த கைகளுக்கு மரத்தை அறுக்கவும் கடையவும் யாரும் கற்றுத் தரவில்லை. யார் மீது பழி என்பது வேறு கட்டுரைக்கான செய்தி. ஒரு பொருளின் மதிப்பு அதைச் செய்பொருளாக்கும் இடத்தில்தான் கூடுகிறது, அந்த இடத்தில் நாம் இல்லை என்பதே எனக்கு உறுத்துகிறது.

இப்போதாவது இருக்கிறோமா? முன்பு இடைநிலைப்பள்ளியில் வாழ்வியல் திறன் பாடத்தில் மாணவர்கள் ரம்பம், இழைப்புளி பிடித்து ஒரு சிறு மரப்பொருளாவது செய்தார்கள். 2017-இல் முதல் படிவத்திலிருந்து அதன் இடத்துக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வந்தது. நிரலாக்கம், மின்னணு வடிவமைப்பு எல்லாம் அதில் உண்டு, தேவையானவைதான். ஆனால் வரைந்ததைக் கையால் செய்து பார்க்கும் நேரம் சுருங்கிவிட்டது என்பது அதைப் படித்து வந்த என் கருத்து. காகிதத்தில் வட்டம் வரைவது எளிது. ஈர மரம் அந்த வட்டத்தை முட்டையாக்கிக் காட்டும்போதுதான் பொருளியல்பு என்றால் என்ன என்று மண்டையில் ஏறும்.

வீட்டில் கேட்கும் பேச்சையும் சொல்லியாக வேண்டும். எஸ்பிஎம் முடிவு வந்த வாரத்தில், "படிப்பு ஏறலைன்னா திவெட்டுக்குப் போகட்டும்" என்று எத்தனை சித்தப்பாக்கள் சொல்கிறார்கள்! தொழிற்கல்வி என்பது தோற்றவர்களுக்கான வாசல் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இத்தனைக்கும் நாங்கள் குடியிருப்பது 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில்வட்டாரத்தின் வாசலில். நாள் முழுக்க அங்கே ஏதாவது ஓர் உலோகத் துண்டு லேத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. கணினி ஓட்டும் லேத்துக்கும் மரம் கடையும் லேத்துக்கும் அடிப்படை ஒன்றே: பொருள் சுழலும், உளி நகரும். 1989-இல் அமைந்த பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மரக் கிண்ணத்தில் கையும் கண்ணும் பழகிய பிள்ளை, அந்தத் தொழிற்சாலைக்குள் நுழையும்போது பாதிப் பாடம் படித்தவராக நுழைவார்.

"கிண்ணம் விற்றுக் குடும்பம் நடத்த முடியுமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலானவர்களால் முடியாது என்பதே நேர்மையான பதில். ஓரிருவர் அதையே தொழிலாக்கலாம், சிலருக்குப் பகுதிநேர வருமானமாகும், மற்றவர்களுக்கு வேறு வேலைக்கான அடித்தளமாகும். நாம் பிள்ளைகளுக்குப் பரதமும் மிருதங்கமும் கற்றுக் கொடுக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பதில்லையே.

இதைப் படித்துவிட்டு யாரும் ரம்பத்தோடு கிளம்பிவிட வேண்டாம். சாலையோர மரம் பொதுச்சொத்து. 1976-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை உள்ளூர் அதிகாரத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெட்டக் கூடாது; பட்டுப்போன மரம், உடனடி ஆபத்தான மரம் போன்றவற்றுக்கே விலக்கு. அரசு நிலத்திலிருந்தும் காட்டிலிருந்தும் மரம் எடுப்பதற்கு 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் உரிமம் கேட்கிறது. உயிரோடு நிற்கும் மரத்தைக் கிண்ணத்துக்காக வெட்டச் சொல்லும் பேச்சே இங்கு இல்லை. நம் நிலத்தில் விழுந்த மா, பலா, அண்டை வீட்டார் வெட்டிப் போட்ட ரம்புத்தான், இவற்றைக் கேட்டு வாங்கினாலே தொடக்கத்துக்குப் போதும். பலா மரத்தின் மஞ்சள் நிறம் நாளாக நாளாகத் தேன் நிறமாவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மாநகர் மன்றத்திடம் நாம் கேட்பது பெரிய திட்டம் இல்லை. வெட்டிய அடிமரங்களில் 30 செண்டிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளவற்றை இறக்கி வைக்க நிழலான ஓர் இடம். எந்த மரம், எந்தச் சாலை, எந்தத் தேதி என்று ஒரு சீட்டு. பள்ளிகளும் தொழிற்கல்லூரிகளும் பதிவு செய்து எடுத்துச் செல்ல ஒரு முறை. மெழுகு ஒரு வாளி. எடுக்க ஆளில்லாத மரத்தைச் சில வாரங்களுக்குப் பிறகு வழக்கம்போல அரைத்து உரமாக்கட்டும். செலவைக் காரணம் காட்டுவார்கள். கொட்டுவதற்கும்தான் லாரிக்கும் இடத்துக்கும் செலவாகிறது.

நம் பக்கத்துக்கும் வேலை இருக்கிறது. கோயில் மண்டபங்களில் வார இறுதித் தேவார வகுப்பு, கராத்தே, கூடுதல் கணித வகுப்பு எல்லாம் நடத்தும் நம் இயக்கங்கள், ஒரே ஒரு லேத்தை வாங்கி, தெரிந்த ஒருவரை அழைத்து, பத்துப் பிள்ளைகளை நிற்க வைக்க முடியும். பிள்ளைகளில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். கடைவதற்குத் தோள் வலிமை வேண்டாம், சரியாக நிற்கத் தெரிந்தால் போதும் என்று அங்கிளே சொல்வார்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை பருவக்காற்று மாறும் மாதங்கள். மாலை மழையும் சுழல்காற்றும் இந்த ஆண்டும் சில மரங்களைச் சாய்க்கும். அடிமரம் தரையில் விழுந்த நேரத்திலிருந்து, வெட்டுமுகத்தில் மெழுகு பூச நமக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. இடமும் சீட்டும் வாளியும் அதற்கு முன்பே தயாராக வேண்டும்.